ஒரு மூடி வாசனை

அந்த வீட்டில் மூச்சு மெஷினின் மாஸ்க்கைக் கழுவும் வேலையை வாசனை அக்கா யாரிடமும் விட்டதில்லை. யாரிடமும் என்றால் வேறு யார், மகளைக் கட்டிக்கொடுத்து மூன்று வருஷமாகிறது, வீட்டில் இருப்பது அவளும் அவள் புருஷனும்தான். மாஸ்க்கும் புருஷனுடையது. என்றாலும் அவர் ஒருநாள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனபோது, கைக்குழந்தையைத் தலைகீழாகத் தூக்கியவனிடமிருந்து பிடுங்குவது போலப் பிடுங்கிக்கொண்டாள். ஒரு கர்ச்சீப்பை ஒழுங்காகத் தோய்க்கத் தெரியாதவர் இதைக் கழுவப் போகிறாராம் என்று அன்று முழுக்க முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் அப்படிச் சொல்வதற்கு அருகதை உள்ளவள்தான். இருபத்திரண்டு வருஷமாக ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை. விரிப்பு மடிக்கிறவளாகச் சேர்ந்து, இப்போது விரிப்பும் தலையணை உறையும் வெளுக்கும் பகுதி முழுக்க அவள் பொறுப்பு. கறையைப் பார்த்ததுமே அது காப்பியா, மருந்தா, தலைச்சாயமா என்று சொல்லிவிடுவாள். எதற்கும் மூன்று செட் வேண்டும் என்பாள்: ஒன்று கட்டிலில், ஒன்று தண்ணீரில், ஒன்று அலமாரியில். எல்லாவற்றையும்விட அவளுக்குப் பெருமை கடைசித் தண்ணீரில். கடைசியாக அலசும் தண்ணீரில் ஒரு மூடி சாஃப்ட்னர் விடுவாள். துணியை மென்மையாக்குகிற, கெட்டியான, நீல நிறத் திரவம் அது. எல்லோரும்தான் விடுகிறார்கள். ஆனால் இவள் கைப்பட அலசிய உறையில் தலை வைத்தவர்கள் மறுநாள் வரவேற்பறையில் நின்று, இது என்ன வாசனை என்று கேட்டுவிட்டுப் போவார்களாம். அப்படி வந்த பேர்தான் வாசனை அக்கா. சொந்தப் பேர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

மூச்சு மெஷின் அந்த வீட்டுக்கு வந்தது ஒரு சிவப்பு சிக்னலால். புருஷன் இருபத்தேழு வருஷமாகப் பஸ் ஓட்டுகிறவர். நாலு மாதத்துக்கு முன்னால் பட்டப்பகலில், சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தியவர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். பச்சை விழுந்தது, பின்னாலிருந்து ஹார்ன் அலறியது, கண்டக்டர் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் விழித்தார். யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. கண்டக்டர் வெளியே மூச்சு விடவில்லை. ஆனால் டிரைவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும் அந்தச் சின்னக் கேமராவுக்கு நட்பு, விசுவாசம் எதுவும் கிடையாதே.

டிப்போ அவரைப் பரிசோதனைக்கு அனுப்பியது. தலையெல்லாம் வயர் ஒட்டித் தூங்க வைத்துப் பார்த்ததில், தூக்கத்தில் மணிக்கு நாற்பத்தொரு தடவை மூச்சு நின்று நின்று வருகிறது என்று தெரிந்தது. ஊரைக் கூட்டும் அந்தக் குறட்டையைக் கல்யாணமான நாளிலிருந்து கேலி செய்துகொண்டிருந்த வாசனை அக்கா அன்றோடு அந்தக் கேலியை விட்டாள். தூக்க டாக்டர் மெஷின் எழுதிக்கொடுத்தார். இரவு முழுக்க அது குழாய் வழியாகக் காற்றை ஊதும். மூக்கில் மாட்டிய மாஸ்க் வழியாக அந்தக் காற்று போய்த் தொண்டையை அடைபடாமல் வைத்திருக்கும். எத்தனை மணி நேரம் மாட்டியிருந்தார் என்பதை மெஷினே பதிந்துகொள்ளும். முப்பது நாள் பதிவு சரியாக இருந்தால் மறுபடி ஸ்டியரிங். இல்லையென்றால் கடைசிவரை டிப்போ கேட்டில் நின்று உள்ளே வரும் பஸ்ஸின் நம்பரைக் குறித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கேட் வேலைக்குப் போன முதல் நாள் சாயங்காலம் அவர் கழற்றிப் போட்ட சட்டையை அவள் எடுத்துப் பார்த்தாள். காலரில் ஒரு பொட்டு அழுக்கில்லை. இருபத்தேழு வருஷமாக அந்தக் காலரைத் தேய்த்துத் தேய்த்து அவருக்கும் பஸ்ஸுக்கும் சேர்த்துச் சாபம் கொடுத்தவள், அன்றைக்குச் சுத்தமான சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள்.

மெஷினைக் கொண்டுவந்த டெக்னீஷியன் எல்லாம் விளக்கமாகத்தான் சொன்னான். மாஸ்க்கில் மூக்கைச் சுற்றி ஒட்டி உட்காரும் சிலிக்கோன் மெத்தையைத் தினம் காலையில் கழுவ வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர், காரமில்லாத, வாசனையில்லாத சோப்புத் திரவம். நன்றாக அலசி நிழலில் உலர்த்த வேண்டும். குழாயையும் தண்ணீர்த் தொட்டியையும் வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். தொட்டியில் காய்ச்சி வடித்த தண்ணீரைத் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாது. இருபத்திரண்டு வருஷ அனுபவம் உள்ளவர்கள் இந்த மாதிரி விளக்கங்களை எப்படிக் கேட்பார்களோ அப்படித்தான் அவள் கேட்டாள். வாசனையில்லாத சோப்பு என்றான், கடை கடையாக ஏறி வாசனையில்லாத சோப்பையே வாங்கினாள். தண்ணீரின் சூட்டை முழங்கையில் விட்டுப் பார்த்தாள். பெட்டியில் இரண்டு மெத்தைகள் இருந்தன, ஒன்று முகத்தில் ஒன்று கொடியில் என்று முறை வைத்தாள். கடைசித் தண்ணீரைப் பற்றி அந்தப் பையன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டானே, இதையெல்லாம் நமக்கா சொல்ல வேண்டும் என்று நினைத்தாளே தவிர, கேட்கத் தோன்றவில்லை. தன் புருஷன் இரவு முழுக்க மூக்கில் வைத்திருக்கப்போகிற பொருள். ஓட்டலில் முன்பின் தெரியாதவன் தலை வைக்கும் உறைக்கே ஒரு மூடி என்றால் இதற்கு விட மாட்டாளா? முதல் இரவு அவர் மாட்டிக்கொள்வதற்கு முன்னாலேயே விட்டாள்.

மூன்றாம் நாள் காலையில் அவர் தயங்கித் தயங்கி, ஏதோ வாசனை தொண்டையை அடிக்கிறது என்றார். அவ்வளவுதான், அவள் முகம் தொங்கிப்போனது. அன்று சாப்பாட்டுத் தட்டு மேஜையில் வைக்கப்பட்ட சத்தம் பக்கத்து வீடுவரை கேட்டிருக்கும். அவர் அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

தொல்லையோ முதல் இரவே ஆரம்பித்திருந்தது. அவளுக்கு விடியற்காலை ஷிப்ட். நாலரைக்கு எழுந்து விளக்கைப் போட்டால், மாஸ்க் அவர் கழுத்தில் கிடக்கும், மெஷின் சத்தமில்லாமல் நின்றிருக்கும், குறட்டை மட்டும் பழையபடி ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, எல்லா நாளும். தான் கழற்றவே இல்லை என்று அவர் சாதித்தார். அப்படியானால் அதுவாகவே நடந்து போயிற்றா என்று அவள் கேட்டாள். பட்டையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்தார். காலையில் இரண்டு கன்னத்திலும் சிவந்த தடம் பதிந்திருக்கும், மாஸ்க் கழுத்துக்கே போயிருக்கும். அவளுக்கு ஆத்திரமான ஆத்திரம். வேலை போகப்போகிறதே என்ற பயம் அவளுக்கு எப்போதுமே கோபமாகத்தான் வெளியே வரும். தன் வாழ்க்கையைத் தானே கெடுத்துக்கொள்கிற மனுஷனை என்ன செய்வது என்று சலவைக்கூடத்தில் விரிப்புகளை உதறிய உதறலில் பக்கத்தில் நின்றவர்கள் விலகிப் போனார்கள்.

பதினைந்தாம் நாள் டாக்டர் அவளுக்கே போன் செய்தார். பெரிய சலவை டிரம் இரண்டும் சுற்றிக்கொண்டிருந்த நேரம். ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினாள். பதிவில் தினம் இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது, இரவில் கழற்றிவிடுகிறாரா என்று டாக்டர் கேட்டார்.

"ஆமா டாக்டர், கழட்டிப் போட்டுடறாரு. நான் சொன்னா காதுலயே வாங்கறதில்ல. நீங்களே நல்லா கண்டிச்சுச் சொல்லுங்க."

நாலு வார்த்தை திட்டுவார், மனுஷன் பயந்து மாட்டிக்கொள்வார் என்று நினைத்துத்தான் சொன்னாள். டாக்டர்கள் திட்டுவதில்லை, எழுதிக்கொள்கிறார்கள் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. அந்தப் போன் பற்றி வீட்டில் வாய் திறக்கவும் இல்லை.

முப்பதாம் நாள் ஒரு வெள்ளிக்கிழமையில் வந்தது. அதற்கு முந்திய திங்கட்கிழமை சலவைக்கூடத்தில் ஒரே களேபரம். மூன்றாவது மாடியில் தங்கியிருந்தவர்கள் எல்லோரும் துண்டு துடைக்கவே மாட்டேன் என்கிறது என்று புகார் சொல்லி, துண்டு மூட்டையே திரும்பி வந்துவிட்டது. மேலாளர் கத்திவிட்டுப் போனார். விசாரித்தால், புதிதாகச் சேர்ந்த பெண் துண்டு டிரம்மில் சாஃப்ட்னரை ஊற்றியிருக்கிறாள். அந்த டிரம்மின் மேல் இதில் சாஃப்ட்னர் கூடாது என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது. பதினோரு வருஷத்துக்கு முன் வாசனை அக்காவே தன் கையால் எழுதி ஒட்டியது.

சும்மா விடுவாளா? ஒரு துண்டை விரித்து அதன்மேல் ஒரு குவளைத் தண்ணீரை விட்டாள். தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே உருண்டு ஓடியது.

"பாத்தியா? சாஃப்ட்னர் போனா மேல ஒரு படலம் உக்காந்துக்கும். கண்ணுக்குத் தெரியாது. கைய வெச்சா வழுக்கும். துண்டுக்கு வேலையே ஒட்டிப் பிடிக்கறதுதான். வழுக்கினா அப்புறம் எப்படி..."

அவள் விரல்கள் துண்டின் மேலேயே நின்றன. அந்த வழுவழுப்பு அவளுக்குத் தெரிந்த வழுவழுப்பு. தினம் காலையில் மாஸ்க்கைக் கொடியில் போடும்போது, எவ்வளவு மிருதுவாக இருக்கிறது என்று தடவிப் பார்த்து மெச்சிக்கொண்ட அதே வழுவழுப்பு. மாஸ்க்குக்கும் வேலை ஒட்டிப் பிடிப்பதுதான். புதுப் பெண் தனக்கு இன்னும் எவ்வளவு திட்டு பாக்கியிருக்கிறது என்று நடுங்கிக்கொண்டு நின்றாள். அக்கா போய் ஓர் ஓரமாக உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். அவர் டிப்போவில் இருந்தார். கொடியில் தொங்கிய மெத்தையை எடுத்துத் தன் கன்னத்தில் அழுத்தி லேசாகத் தள்ளினாள். எண்ணெய்ப் பலகைமேல் வைத்தது மாதிரி கன்னத்தில் சறுக்கிக்கொண்டு போனது. அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பைக்குள் திணித்தாள், மறுநாள் வேலையிடத்துக் குப்பையில் போட்டுவிடலாம் என்று. திருட்டுப் பொருளை மறைக்கிறவள் மாதிரிதான் இருந்தது. மற்ற மெத்தையை வெதுவெதுப்பான தண்ணீரில் வெறும் சோப்பு விட்டுக் கழுவினாள். மறுபடி கழுவினாள். மூன்றாம் தடவை அலசியதும் விரலை வைத்து இழுத்தபோது கீச்சென்று சத்தம் வந்தது. அப்போதுதான் மூச்சு விட்டாள். சாஃப்ட்னர் பாட்டிலைத் தூக்கி மேல் அலமாரிக்கும் மேலே, கை எட்டாத இடத்தில் வைத்தாள்.

அவர் வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தாள். வந்தார், காப்பி குடித்தார், கன்னத்துத் தடத்தில் எதையோ தடவிக்கொண்டார். அவளுக்கு வாய் வரவில்லை. மாஸ்க்கைப் பற்றிச் சொன்னால் போனைப் பற்றியும் சொல்ல வேண்டும். கழற்றவில்லை, கழற்றவில்லை என்று தலைப்பாடாக அடித்துக்கொண்ட மனுஷனை நம்பாமல், டாக்டரிடமே போட்டுக் கொடுத்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

மறுநாள் நாலரைக்கு விளக்கைப் போட்டாள். மாஸ்க் மூக்கிலேயே இருந்தது. மெஷின் மெல்ல ஊதிக்கொண்டிருந்தது, குறட்டை இல்லை. ஒரு நிமிஷம் அவளுக்கே பயமாகிவிட்டது, மார்பு ஏறி இறங்குகிறதா என்று குனிந்து பார்த்தாள். புதன்கிழமையும் அப்படியே, வியாழனும் வெள்ளியும் அப்படியே. பட்டையைத் தளர்த்திக் கட்டிக்கொண்டார், கன்னத்துத் தடம் மங்கியது. என்ன மாயமோ, இருபது வருஷத்துக்கப்புறம் தூங்கின மாதிரி இருக்கிறது என்று அவர் சொன்னபோது அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இப்படியே சத்தமில்லாமல் கரையேறிவிட்டால் போதும் என்று வேண்டிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை காலையில் அவர் பழைய டிரைவர் சட்டையை எடுத்துத் தானே இஸ்திரி போட்டார், அதுவும் கோணல்மாணலாக. அவள் இஸ்திரிப்பெட்டியைப் பிடுங்கவில்லை.

டாக்டர் கம்ப்யூட்டரை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். இருபத்தாறு குட்டைக் கோடுகள், அப்புறம் நாலு நெட்டைக் கோடுகள். டாக்டர் கோபக்காரர் இல்லை. மெதுவாகத்தான் பேசினார், அதுதான் பயமாக இருந்தது.

"இருபத்தாறு நாள் ரெண்டு ரெண்டு மணி நேரம். நான் பாக்கப்போற வாரத்துல மட்டும் ஏழு மணி நேரம். இந்த நாலு நாள் யாரு சார் மாட்டிக்கிட்டது?"

புருஷன் புரியாமல் விழித்தார். பிறகு புரிந்தது. முகம் கறுத்துவிட்டது.

"நான்தான் டாக்டர்."

தம்பிக்கு மாட்டிவிட்டுத் தன் பதிவு என்று கொண்டுவந்தவர்களைத் தான் பார்த்திருப்பதாக டாக்டர் சொன்னார். பஸ்ஸில் அறுபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், சந்தேகத்தோடு கையெழுத்துப் போட முடியாது என்றார். படிவத்தை முன்னால் இழுத்துப் பேனா மூடியைத் திறந்தார். புருஷனின் கைகள் முழங்கால் மேல் இருந்தன. இருபத்தேழு வருஷமாக ஸ்டியரிங்கைப் பிடித்த கைகள், இப்போது ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. வாசனை அக்கா அவற்றையே பார்த்தாள். இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் தன் மானம் மிஞ்சும், அவர் கதை முடியும். அப்பட்டமாக அவ்வளவுதான்.

"டாக்டர், எழுதாதீங்க. தப்பு என்னோடது."

குப்பையில் போட மறந்த அந்தப் பிளாஸ்டிக் உறை இன்னும் கைப்பையிலேயே இருந்தது. மெத்தையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கடைசித் தண்ணீரையும் ஒரு மூடி சாஃப்ட்னரையும் துண்டு டிரம்மையும் ஒன்று விடாமல் சொன்னாள். டாக்டர் மெத்தையைக் கையிலெடுத்தார். விரல் வழுக்கியது. மூக்கருகே கொண்டுபோனவர் சட்டென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அப்புறம் திரும்பி வேறு ஒரு படத்தைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். மாஸ்க்கிலிருந்து காற்று எவ்வளவு கசிந்தது என்று காட்டும் படமாம் அது. கையால் கழற்றியிருந்தால் கசிவு ஒரே தாவலாகத் தாவியிருக்கும், இங்கே இருபத்தாறு ராத்திரியிலும் மெல்ல மெல்ல ஏறியிருக்கிறது என்றார். மாஸ்க் நழுவி நழுவிக் கடைசியில் முகத்திலேயே இல்லை என்று முடிவு கட்டி மெஷின் தானே நின்றுவிட்டிருக்கிறது.

"நான் இதை முன்னாடியே பாத்திருக்கணும்" என்றார் டாக்டர். "கழட்டிப் போட்டுடறாருன்னு நீங்களே போன்ல சொன்னீங்க. வீட்டுக்காரங்களே சொல்லிட்டாங்களேன்னு இதைத் திறக்கவே இல்ல."

புருஷனின் தலை அவள் பக்கம் மெதுவாகத் திரும்பியது. அவள் தரையைப் பார்த்தாள்.

டாக்டர் விடவில்லை. அதே பதினைந்தாம் நாள் இவரையும் கூப்பிட்டுப் பேசியதாகச் சொல்லி, பதிவிலிருந்து வாசித்தார். "மாஸ்க்ல வாசனை, எரிச்சல் ஏதாவது இருக்கான்னு கேட்டேன். ஒண்ணுமில்ல, என் வீட்டுக்காரி நல்லா சுத்தமா வெச்சிருக்கான்னு சொன்னீங்களே சார். ஏன்?"

புருஷன் அந்த மெத்தையை எடுத்துப் பிளாஸ்டிக் உறைக்குள் திரும்பப் போட்டார்.

அன்று கையெழுத்து கிடைக்கவில்லை. நாலு நாள் போதாது, புது மெத்தை தருகிறேன், இன்னும் முப்பது நாள் பார்ப்போம் என்றார் டாக்டர். ஆனால் இரவில் கழற்றிவிடுகிறார் என்று இருந்த வரியை அவர்கள் கண்முன்னாலேயே அடித்துவிட்டு, பக்கத்தில் மாஸ்க் நழுவியிருக்கிறது என்று எழுதினார். இன்னும் ஒரு மாதம் கேட்டில் நிற்க வேண்டும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் முன் ஸீட் கிடைத்தது. அவர் வழக்கம்போல ஓட்டுகிறவரின் கையையும் காலையும் பார்த்துக்கொண்டு வந்தார். திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் போல இருந்தது. மூன்று ஸ்டாப் போயிற்று.

"வாசனை இல்லைன்னு ஏன் சொன்னீங்க?" என்று அவளே கேட்டாள்.

அவர் ஓட்டுகிறவரிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உன் பேரே அதுதானே. ஊர்ல எல்லாரும் உன் கையை மெச்சறாங்க. நான் போயி வெளியாள்கிட்ட அதைக் குறை சொல்லவா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் தன்னை விட்டுக் கொடுக்கவில்லை. தான் அவரை, டிரம் சத்தத்துக்கு நடுவே, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, அரை நிமிஷத்தில் விட்டுக் கொடுத்திருந்தாள். அழுகையை அடக்க முந்தானையை வாயில் வைத்து அழுத்தினாள். வளைவில் பஸ் கொஞ்சம் வேகமாகத் திரும்பியது, இவன் இன்னும் கத்துக்கணும் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மறுநாள் காலையில் அவள் நாலரைக்கு எழுந்தபோது குழாயடியில் விளக்கு எரிந்தது. அவர் மாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்தார். சோப்பைத் தேவைக்கு இரண்டு மடங்கு எடுத்திருந்தார், சட்டையெல்லாம் ஈரம். அவளுக்குக் கை பரபரத்தது. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் அலசி முடித்து அதை அவளிடம் நீட்டினார். அவள் பழக்கதோஷத்தில் மூக்கருகே கொண்டுபோனாள், பிறகு நிறுத்திக்கொண்டு விரலை வைத்து இழுத்துப் பார்த்தாள். கீச்சென்றது.

"இன்னும் இருபத்தொம்பது நாள்" என்று சொல்லி அதை நிழலில் கொடியில் மாட்டினாள்.